பாக்ஸ்டர் ஸ்டேட் பார்க், கட்டாடின் மலை: போகுமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தில் இருக்கிறது பாக்ஸ்டர் ஸ்டேட் பார்க். கட்டாடின் மலை இருப்பது அதற்குள்தான். கோடை நெருங்கினால் பாஸ்டன், நியூ ஜெர்சி பக்கத்து நண்பர்கள் இந்த மலையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கட்டணமும் தேதிகளும் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் அவற்றைக் கிளம்புமுன் பூங்காவின் சொந்தத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது?

கார்தான் ஒரே வழி. பாஸ்டனிலிருந்து ஐ-95 நெடுஞ்சாலையில் வடக்கே போய் மெட்வே என்ற இடத்தில் இறங்கி, மில்லினாக்கெட் ஊர் வழியாகப் போகவேண்டும். ஏறக்குறைய 5 மணி நேர ஓட்டம். மில்லினாக்கெட் ஒரு காலத்தில் காகித ஆலையால் வாழ்ந்த ஊர். கடைசி பெட்ரோல் பங்க், கடைசி மளிகைக் கடை எல்லாம் அந்தப் பக்கத்தோடு முடிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து டோக் பாண்ட் என்ற தெற்கு வாசலுக்கு இன்னும் 18 மைல் போகவேண்டும். வடக்கில் மட்டகாமன் என்று இன்னொரு வாசல் உண்டு, ஆனால் கட்டாடின் ஏறப் போகிறவர்களுக்கு அது சுற்று.

வாசலைத் தாண்டியதும் தார்ச்சாலை கிடையாது. மேற்குப் பக்கமாக வடக்கு வரை போகும் டோட் ரோடு 40 மைலுக்கு மேல் நீளும் ஒடுக்கமான மண் சாலை, வேகம் 20 மைலைத் தாண்டக்கூடாது. மோட்டார் சைக்கிளை உள்ளே விடமாட்டார்கள். வண்டி 9 அடி உயரம், 7 அடி அகலம், 22 அடி நீளத்தைத் தாண்டினாலும் விடமாட்டார்கள். ஆர்வி என்ற வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதை முதலில் பார்த்துவிடுங்கள்.

ஸ்டேட் பார்க் என்றால் அரசாங்கப் பூங்காதானே? ஏன் இவ்வளவு கெடுபிடி?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்ற எல்லா விதிகளும் தானாகப் புரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெர்சிவல் பாக்ஸ்டர் என்பவர் 1921 முதல் 1925 வரை மெய்ன் மாநில ஆளுநராக இருந்தார். கட்டாடினையும் சுற்றியுள்ள காட்டையும் மாநிலமே வாங்கிப் பாதுகாக்கவேண்டும் என்று சட்டமன்றத்தில் இருந்த காலத்திலிருந்தே மன்றாடிப் பார்த்தார், நடக்கவில்லை. அந்தக் காட்டில் பெரும்பகுதி காகித நிறுவனங்கள் கையில் இருந்தது, அவர்களை மீறி சட்டமன்றம் எதுவும் செய்யத் தயாராக இல்லை. பதவி முடிந்தபிறகு பாக்ஸ்டர் சொந்தப் பணத்தை எடுத்தார். 1930இல் கிரேட் நார்தர்ன் பேப்பர் கம்பெனியிடம் 25,000 டாலர் கொடுத்து, மலையுச்சி உட்பட 5,960 ஏக்கர் வாங்கி, மறு வருடம் மாநிலத்துக்கே கொடுத்தார். அதோடு நிறுத்தவில்லை. அடுத்த முப்பது வருடம் துண்டு துண்டாக வாங்கி வாங்கிச் சேர்த்து, 1962இல் முடிக்கும்போது 2,01,018 ஏக்கர் ஆகியிருந்தது. 1969இல் அவர் இறந்தபோது பூங்காவை நடத்தவும் ஒரு நிதியை விட்டுவிட்டுப் போனார்.

ஆனால் சும்மா கொடுக்கவில்லை, நிபந்தனையோடு கொடுத்தார். இந்த நிலம் என்றென்றும் காடாகவே இருக்கவேண்டும், விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் புகலிடமாக இருக்கவேண்டும், மக்களின் பொழுதுபோக்கு அதற்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்குத்தான் என்று பத்திரத்திலேயே எழுதி வைத்தார். அதனால் இது மெய்னின் மற்ற ஸ்டேட் பார்க்குகளோடு சேர்ந்த நிர்வாகத்தில் இல்லை. மாநில அட்டர்னி ஜெனரல், வனத்துறை இயக்குநர், மீன்வள வனவிலங்கு ஆணையர் ஆகிய மூன்று பதவிகளில் இருப்பவர்கள் கொண்ட தனி ஆணையம் நடத்துகிறது. செலவுக்கு அறக்கட்டளை நிதி, வருகிறவர்கள் கட்டும் கட்டணம், மர விற்பனை. ஆமாம், மர விற்பனைதான். வடமேற்கில் ஏறக்குறைய 29,500 ஏக்கரை விஞ்ஞான முறையில் காடு வளர்த்து வெட்டிக் காட்டுவதற்கென்று பாக்ஸ்டரே ஒதுக்கினார். வேட்டை அனுமதியுள்ள பகுதியும் உண்டு, அங்கும் மூஸ் என்ற பெரிய காட்டு மானை மட்டும் சுடக்கூடாது.

ஆக, இங்கே மலைக்குத்தான் முதலிடம், நமக்கு அடுத்த இடம். மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, கடை இல்லை, குப்பைத் தொட்டிகூட இல்லை. இவற்றைக் குறை என்று எண்ணாமல் போனால் அந்த இடம் உங்களுக்குப் பிடித்துப்போகும்.

முன்பதிவு இல்லாமல் காலையில் வாசலில் போய் நின்றால் விடுவார்களா?

பூங்காவுக்குள் விடுவார்கள், ஆனால் கட்டாடின் ஏறும் பாதைகளின் பார்க்கிங்கில் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். ரோரிங் புரூக், ஏபால், கட்டாடின் ஸ்ட்ரீம் என்று மூன்று இடங்களிலிருந்து ஏறலாம், மூன்றிலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் கார்களை விடுவார்கள். அதற்கு மேல் ஒரு கார்கூட விடமாட்டார்கள். எந்த இடத்துக்குப் பதிவு செய்கிறீர்களோ அங்கே மட்டும்தான் நிறுத்தலாம். மெய்னில் வசிப்பவர்கள் ஏப்ரல் முதலே பதிவு செய்துகொள்ளலாம், வெளி மாநிலத்தவர்களுக்கு இரண்டு வாரம் முன்னால்தான் திறக்கும். கோடைச் சனி ஞாயிறு என்றால் திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். பதிவு செய்தவர்களும் காலை 7 மணிக்குள் வாசலைத் தொடவேண்டும், தாமதித்தால் அந்த இடம் வரிசையில் காத்திருப்பவருக்குப் போய்விடும். இப்படிக் கைவிடப்பட்ட இடங்களுக்காகவே விடியுமுன் வந்து நிற்பவர்கள் உண்டு.

மெய்ன் பதிவெண் உள்ள வண்டிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நமக்கு உண்டு. இது மெய்ன் மக்களின் மலை என்று பாக்ஸ்டர் சொல்லிக் கொடுத்த இடம், அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

எந்த மாதம் நல்லது?

மே 15 முதல் அக்டோபர் 15 வரை கூடாரம் போடும் காலம். ஆனால் மே மாதம் கீழே வெயில் அடித்தாலும் மேலே பனி கிடக்கும். பனி உருகி மண் இறுகும்வரை கட்டாடின் பாதைகளைத் திறக்கமாட்டார்கள், சில வருடம் அது ஜூன்வரைகூட இழுக்கும். ஜூலை, ஆகஸ்டில் நாள் நீளம், ஆனால் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரலாம். என்னைக் கேட்டால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம்வரைதான். கடி பூச்சி இல்லை, காற்று தெளிவு, மேப்பிளும் பர்ச்சும் நிறம் மாறி நிற்கும். ஒரே சிக்கல், சீக்கிரம் இருட்டிவிடும். அக்டோபரில் மேலே பனி பெய்வதும் சகஜம்.

கொடைக்கானலே 7,000 அடி. 5,267 அடிக் கட்டாடின் எல்லாம் ஒரு மலையா?

கொடைக்கானலில் பேருந்து உங்களை மேலேயே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. இங்கே அடிவாரத்திலிருந்து உச்சிவரை கிட்டத்தட்ட 4,000 அடியைக் காலால் ஏறி, அதே 4,000 அடியை அதே நாளில் இறங்கவேண்டும். அப்புறம் இது பூமத்திய ரேகைக்கும் வட துருவத்துக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கும் இடம். அதனால் சுமார் 3,500 அடியிலேயே மரங்கள் குட்டையாகி, முடங்கி, அப்படியே நின்றுவிடும். அதற்கு மேல் வெறும் பாறையும் காற்றும்தான். மழை வந்தாலோ மின்னல் வந்தாலோ ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கீழே டி-ஷர்ட் போதுமென்று தோன்றும் ஆகஸ்ட் நாளில் மேலே கை விறைக்கும்.

போய்வர 8 முதல் 12 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு நெஞ்சுத் தெம்பு இருக்கும், ஆனால் பாறை பாறையாகத் தாவி இறங்கும்போது முழங்காலுக்கு வேறு பழக்கம் வேண்டும். பக்கத்தில் நியூ ஹாம்ப்ஷயரில் 4,000 அடி மலைகள் ஒன்றிரண்டை ஏறி இறங்கிவிட்டு வருவது நல்லது.

எந்தப் பாதையில் ஏறுவது?

முதல்முறை என்றால் ரோரிங் புரூக்கிலிருந்து சிம்னி பாண்ட் போய், அங்கிருந்து சேடில் பாதையில் ஏறுங்கள். சிம்னி பாண்ட்வரை 3.3 மைல், பாறைகள் நிறைந்த பாதைதான், ஆனால் ஏற்றம் நிதானம். காட்டிலிருந்து வெளியே வந்ததும் சிம்னி பாண்டின் கரையில் நிற்பீர்கள். சுற்றிலும் ஆயிரக்கணக்கான அடி உயரத்துக்குக் கருங்கல் சுவர், காலடியில் சின்னதாக ஒரு ஏரி. பனியாறு குடைந்தெடுத்த கிண்ணம் அது. இதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலே வந்த செலவு தகும் என்பேன். அங்கிருந்து சேடில் பாதை 2.2 மைல், நடுவில் கற்கள் சரியும் ஒரு செங்குத்துப் பகுதி மட்டும் கவனம். மேலே சமவெளி தொட்டதும் உச்சிவரை நடைதான்.

அதே சிம்னி பாண்டிலிருந்து கதீட்ரல் என்ற பாதையும் போகிறது, 1.7 மைல்தான். தூரம் குறைவு என்று அதை எடுப்பவர்கள் உண்டு, ஆனால் அது கையும் காலும் வைத்து ஏறும் பாறைக்குவியல். ஏறலாம், அதில் இறங்காதீர்கள்.

தென்மேற்கிலிருந்து ஹண்ட் பாதை, ஒருவழி 5.2 மைல். ஜார்ஜியாவிலிருந்து வரும் அப்பலாச்சியன் நெடும்பாதையின் கடைசி மைல்கள் இவைதான், வெள்ளைக் கோடுகளைப் பின்பற்றிப் போகலாம். முதலில் அருவி, பிறகு அமைதியான காடு, பிறகு திடீரென்று வீடு அளவு பாறைகள். ஒன்றிரண்டு இடத்தில் இரும்புக் கம்பி அடித்து வைத்திருப்பார்கள், அதைப் பிடித்து உடம்பைத் தூக்கவேண்டும். கை வலு குறைந்தவர்களுக்கு அந்த இடம் கடினம். ஏபால் பாதை இருப்பதிலேயே தூரம் குறைவு, உச்சிக்கு 4.4 மைல், ஆனால் பழைய நிலச்சரிவின் மேலேயே ஏறுகிறது. 2013இல் அந்தச் சரிவு மீண்டும் நகர்ந்ததால் பழைய தடத்தை விட்டுவிட்டுப் புதிதாகப் போட்டார்கள்.

நைஃப் எட்ஜ் உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா?

ஆமாம். பமோலா சிகரத்துக்கும் கட்டாடினின் உச்சியான பாக்ஸ்டர் சிகரத்துக்கும் நடுவே 1.1 மைல் நீளமுள்ள பாறை முதுகு அது. இரண்டு பக்கமும் பனியாறுகள் அரித்து அரித்து நடுவில் மிஞ்சியது. சில இடங்களில் 3 அடி அகலம்தான் இருக்கும், இருபுறமும் ஆயிரம் அடிக்கு மேல் சரிவு. பமோலாவை ஒட்டி ஒரு பிளவில் இறங்கி மறுபக்கம் ஏறவேண்டும், அங்கே கால் வைக்க இடம் தேடித்தான் வைக்கவேண்டும். நடுவில் கீழே இறங்க வேறு பாதை கிடையாது, ஏறிவிட்டால் முடிக்கவேண்டும், இல்லையென்றால் வந்த வழியே திரும்பவேண்டும்.

வெயிலும் காற்றில்லாத நாளும், உயரத்துக்குப் பயப்படாத ஆளும் என்றால் அற்புதமான இடம். பாறை ஈரமாக இருந்தாலோ பலத்த காற்று அடித்தாலோ போகவே கூடாது. சில நாட்களில் பூங்காவே அதை மூடிவிடும். 1963 அக்டோபரில் ஒரு பெண் நைஃப் எட்ஜிலிருந்து பாதையை விட்டு இறங்கப்போய் பாறையில் சிக்கிக்கொண்டார். ரால்ஃப் ஹீத் என்ற ரேஞ்சர் (பூங்காக் காவலர்) அவரைக் காப்பாற்றத் தனியே மேலே போனார். பனிப்புயல் வந்துவிட்டது. இருவர் உடலும் அடுத்த வசந்தத்தில்தான் கிடைத்தன. மூடியிருக்கும் பாதையில் நாம் போனால் நம்மைத் தேடி இன்னொருவர் வரவேண்டியிருக்கும் என்பதற்காகவாவது பாதை மூடியிருக்கிறது என்ற பலகையை மதியுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

6 வயதுக்குக் குறைந்த குழந்தைகளை மரங்கள் நின்றுவிடும் மரக்கோட்டுக்கு மேலே கொண்டுபோக அனுமதி இல்லை, முதுகில் தூக்கிக்கொண்டு போனாலும் இல்லை. பெரிய குழந்தைகளுக்கும் உச்சியைவிட சிம்னி பாண்ட், சாண்டி ஸ்ட்ரீம் பாண்ட், அருவிகள் இவைதான் பிடிக்கும். பாட்டி தாத்தாவோடு போகிறவர்களுக்கு டெய்சி பாண்ட். வண்டி கிட்டத்திலேயே போகும், எதிரே மலை முழுதாகத் தெரியும், லிட்டில் நயாகரா, பிக் நயாகரா என்று இரண்டு அருவிகள் நடை தூரத்தில் இருக்கின்றன.

நாய்?

கிடையாது. காருக்குள் வைத்திருந்தாலும் கிடையாது.

மேலே பாறை மேல் மட்டும் நடக்கச் சொல்கிறார்களே, ஏன்?

உச்சிக்கு முன்னால் டேபிள்லேண்ட் என்று ஒரு பரந்த சமவெளி வரும். முதலில் பார்த்தால் ஒன்றுமில்லாத இடம் மாதிரி இருக்கும். குனிந்து பாருங்கள். ஆர்க்டிக்கில் வளரும் செடிகள் அங்கே இருக்கின்றன, பனியுகம் முடிந்து குளிர் வடக்கே பின்வாங்கியபோது இந்த மலையுச்சியில் தங்கிப்போனவை. டயாபென்சியா என்று ஒரு செடி, பச்சை மெத்தை போல ஒட்டிக்கிடக்கும், ஜூனில் வெள்ளையாகப் பூக்கும். லாப்லாந்து ரோஸ்பே என்பது ரோடோடெண்ட்ரான் வகை. நீலகிரியில் மரமாக நிற்கும் ரோடோடெண்ட்ரானின் உறவு, இங்கே காற்றுக்குப் பயந்து கணுக்கால் உயரத்தில் ஊதாப் பூ விடுகிறது. பிகிலோ செட்ஜ் என்ற கோரை இருக்கிறது. இந்தக் கோரைகளைத் தின்று வளரும் கட்டாடின் ஆர்க்டிக் என்ற வண்ணத்துப்பூச்சி உலகில் இந்தச் சமவெளியைத் தவிர வேறெங்கும் கிடையாது. பாறை நிறத்திலேயே இருக்கும், காற்று அடித்தால் பறக்காமல் கல்லோடு ஒண்டிக்கொள்ளும்.

இந்தச் செடிகள் ஒரு வருடத்தில் வளர்வது மிகக் கொஞ்சம். ஒரு பூட்ஸ் தடம் பிய்த்ததை மூட எத்தனையோ வருடம் ஆகும், அதற்குள் மழை அந்த மண்ணையே கொண்டுபோய்விடும். படம் எடுக்க நாலு அடி பாதையை விட்டு இறங்கும் ஒவ்வொருவரும் நான் ஒருவன்தானே என்றுதான் நினைக்கிறார்கள். கயிறு கட்டிய இடத்தைத் தாண்டாதீர்கள். கல்லிலிருந்து கல்லுக்குக் கால் வையுங்கள்.

மூஸ் பார்க்க முடியுமா? கரடி, பாம்பு பயம் உண்டா?

மூஸ் பார்க்கவேண்டுமென்றால் ஜூனில் அதிகாலையிலோ சாயங்காலமோ சாண்டி ஸ்ட்ரீம் பாண்டுக்குப் போங்கள். ரோரிங் புரூக்கிலிருந்து அரை மைல் அளவுதான். தண்ணீருக்குள் இறங்கி நின்று நீர்ச்செடியைத் தின்னும், தலையை முழுதாக உள்ளே விட்டு எடுக்கும்போது காதிலிருந்து தண்ணீர் கொட்டும். பேசாமல் நில்லுங்கள், கிட்டே போகாதீர்கள். குட்டியோடு இருக்கும் தாயும், செப்டம்பர் கடைசியில் இணை தேடும் காளையும் சாதுவல்ல. டோட் ரோட்டில் 20 மைல் வேகம் என்பது மூஸுக்காகவும்தான்.

மூஸுக்கே இப்போது ஒரு கெட்ட காலம் நடக்கிறது. இலையுதிர்காலம் நீண்டு பனி தாமதமாக விழுவதால் குளிர்கால உண்ணிகள் பெருகி, ஒரே கன்றின் மேல் ஆயிரக்கணக்கில் ஏறி ரத்தம் குடித்து வசந்தத்துக்குள் கொன்றுவிடுகின்றன. மெய்ன் முழுவதும் இந்தப் பிரச்சினை. காரிபூ என்ற பனிமானும் ஒரு காலத்தில் இந்தச் சமவெளியில் இருந்தது. அற்றுப்போனபின் 1963இல் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை.

கரடி உண்டு, கறுப்புக் கரடிதான், மனிதனைக் கண்டால் விலகும். சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். விஷப் பாம்பு மெய்ன் காடுகளில் இல்லை. பறவை பார்ப்பவர்களுக்கு ஸ்ப்ரூஸ் கிரவுஸ், சாப்பாட்டுப் பக்கம் வந்து உட்காரும் கனடா ஜே, உயரத்துக் குள்ளமரக் காட்டில் பாடும் பிக்னெல் திரஷ், இரவில் ஏரியில் கூவும் லூன்.

கறுப்பு ஈ என்று பயமுறுத்துகிறார்களே?

மே நடுவிலிருந்து ஜூன் கடைசிவரை நிஜமாகவே தொல்லைதான். காதுக்குப் பின்னால், கழுத்தில், முடி ஓரத்தில் கடித்து ரத்தம் வரும். தலைக்கு வலை, வெளிர் நிற முழுக்கைச் சட்டை, மருந்து, மூன்றும் வேண்டும். அப்புறம் கொசு. உண்ணியும் இருக்கிறது, நடை முடிந்ததும் உடம்பைப் பாருங்கள்.

மலை ஏறாமல் என்ன செய்வது?

நிறைய இருக்கிறது. இந்தப் பூங்காவில் 40க்கும் மேற்பட்ட சிகரங்களும் 200 மைலுக்கு மேல் பாதைகளும் இருந்தும், வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரே உச்சியில் போய் வரிசை நிற்கிறார்கள். வடக்கே சவுத் பிராஞ்ச் பாண்ட் போங்கள். இரண்டு மலைச்சரிவுக்கு நடுவில் நீளமான ஏரி, கனு என்ற துடுப்புப் படகு எடுத்து ஓட்டலாம், பூங்காவே சின்ன வாடகைக்குக் கொடுக்கிறது. அங்கிருந்து டிராவலர் மலையைச் சுற்றும் பாதை ஒரு முழு நாள் நடை, பழைய எரிமலைப் பாறை, நாள் முழுக்க ஆளரவம் குறைவு. கட்டாடினுக்குச் சளைத்த நடை இல்லை. மேற்கில் டபுள்டாப், நார்த் பிரதர் ஏறினால் கட்டாடினை வெளியிலிருந்து பார்க்கலாம். ஒரு மலையைப் பார்க்க அதன் உச்சியைவிட எதிர் மலையே நல்ல இடம்.

டெய்சி பாண்ட், கிட்னி பாண்ட் இரண்டிலும் மரக் குடில்கள் உண்டு, ஃப்ளை தூண்டிலில் (செயற்கைப் பூச்சி கட்டிய தூண்டில்) மட்டும் மீன் பிடிக்கலாம், உரிமம் வேண்டும். மின் விளக்கு இல்லாத ஊர் என்பதால் மேகமில்லாத இரவில் பால்வீதி கரையிலிருந்து கரைவரை தெரியும்.

தங்குவது, சாப்பாடு, தண்ணீர்?

கூடாரம் போடும் இடம், மூன்று பக்கம் மரச்சுவரும் மேலே கூரையும் உள்ள திறந்த கொட்டகை, படுக்கைத்தட்டு அடித்த பொது அறை, குடில்கள் என்று இருக்கின்றன. நாலு மாதம் முன்னால் பதிவு திறக்கும். உள்ளே தங்கினால் அதிகாலை வாசல் ஓட்டம் இல்லை, கட்டாடின் ஏற இதுதான் நிம்மதியான வழி. சிம்னி பாண்டிலும் கொட்டகைகள் உண்டு, ஆனால் சாமானைச் சுமந்து நடந்துதான் போகவேண்டும், அங்கே தீ மூட்டக்கூடாது.

குளியலறை கிடையாது, கழிப்பறை குழிக் கழிப்பறை. ஓடைத் தண்ணீரை வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடியுங்கள். ஏறும் நாளில் ஆளுக்கு 3 லிட்டராவது சுமக்கவேண்டும், மேலே இருக்கும் தோரோ ஊற்றை நம்பவேண்டாம். விறகை வெளியிலிருந்து கொண்டுவராதீர்கள், மரம் தின்னும் பூச்சி அதில்தான் பயணம் செய்யும். உள்ளேயே விற்கிறார்கள். சாப்பாட்டுக்கு, முதல் நாள் மில்லினாக்கெட்டில் தங்கும் இடத்திலேயே புளிச்சோறு கட்டி எடுத்துக்கொண்டால் மலைமேல் அதைவிட ஒத்துவரும் சாப்பாடு இல்லை. ஒரு தோல், ஒரு காகிதம் மிச்சம் வைக்காமல் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

போன் வேலை செய்யுமா? வழி தவறினால்?

செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காகித வரைபடம், ஹெட்லேம்ப், மழைச் சட்டை, கனத்த உள்ளாடை, கூடுதல் சாப்பாடு, இவை இல்லாமல் கிளம்பாதீர்கள். ஏறுமுன் பதிவேட்டில் பெயரும் போகும் வழியும் எழுதுங்கள், இறங்கியதும் மறக்காமல் முடித்துவிடுங்கள். காலையில் ரேஞ்சர் அறையில் வானிலை எழுதிப் போட்டிருப்பார்கள், படியுங்கள். ரேஞ்சரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள், உங்கள் குழுவைப் பார்த்தே எந்தப் பாதை ஒத்துவரும் என்று சொல்லிவிடுவார்கள்.

1939 ஜூலையில் டான் ஃபெண்ட்லர் என்ற 12 வயதுப் பையன் உச்சிக்குப் பக்கத்தில் மேகத்துக்குள் தன் கூட்டத்தைப் பிரிந்தான். நூற்றுக்கணக்கானவர்கள் தேடினார்கள். அவன் ஒரு ஓடையைப் பிடித்துக்கொண்டு, காட்டுப் பழம் தின்று, காலணியும் இல்லாமல் நடந்து, ஒன்பதாம் நாள் பெனாப்ஸ்காட் நதியின் கிழக்குக் கிளையோரம் ஒரு முகாமை எட்டிப் பிழைத்தான். அவன் பிரிந்தது சில நிமிட மேகத்தில்தான். குழுவாகப் போனால் கடைசி ஆளின் வேகம்தான் எல்லோர் வேகமும்.

அப்பலாச்சியன் பாதை முடியும் இடம் இதுதானே? கொண்டாட்டம் இருக்குமா?

ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி 2,190 மைலுக்கு மேல் நடந்து வருகிறவர்கள் உச்சியில் அந்த மரப்பலகையைத் தொட்டு அழுவதை ஆகஸ்ட், செப்டம்பரில் பார்க்கலாம். அவர்கள் படம் எடுத்து முடிக்கும்வரை விலகி நில்லுங்கள். நெடுந்தூர நடையர்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு உண்டு. மேலே மது கூடாது, 12 பேருக்கு மேல் ஒரே குழுவாகப் போகக்கூடாது. 2015இல் வேக சாதனை படைத்த ஒரு புகழ்பெற்ற ஓட்டக்காரர் உச்சியில் ஷாம்பெய்ன் திறந்ததற்கு அபராதம் கட்டினார், நாடெங்கும் அது விவாதமானது. பூங்கா செய்தது சரி என்பதே என் கருத்து.

பெனாப்ஸ்காட் மக்களுக்கு இது புனித மலை என்கிறார்களே?

ஆமாம், பாக்ஸ்டருக்கும் மாநிலத்துக்கும் முன்னாலிருந்தே. வபனாக்கி என்ற பூர்வகுடி இனங்களில் ஒன்றான பெனாப்ஸ்காட் மக்களின் கதைகளில் பமோலா என்பவர் மலையில் இருக்கிறார்: மூஸின் தலை, மனித உடல், கழுகின் சிறகு. உச்சிக்கு ஏறும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. இன்றும் ஒவ்வொரு செப்டம்பரும் தொழிலாளர் தின விடுமுறையில் தங்கள் தீவிலிருந்து கனுவிலும் ஓட்டமாகவும் 100 மைல் தாண்டி மலையடிவாரம் வருகிறார்கள். அந்த நாட்களில் நீங்கள் அங்கிருந்தால் மரியாதையாக ஒதுங்குங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

குளிர்காலத்தில்?

டிசம்பர் முதல் மார்ச் கடைசிவரை போகலாம், ஆனால் சாலையைத் திறக்கமாட்டார்கள், பனிச்சறுக்கிலோ பனிக்காலணியிலோ மைல் கணக்கில் நடந்துதான் அடிவாரமே வரும். பனி மலையேற்றம் முறையாகக் கற்றவர்களுக்கு மட்டும்.

எவ்வளவு முயன்றும் பார்க்கிங் கிடைக்கவில்லை, அல்லது அன்றைக்குப் பார்த்துப் பாதையை மூடிவிட்டார்கள். விடுமுறை போச்சா?

போகவில்லை. எழுத்தாளர் தோரோ 1846இல் வந்தவர், மேகம் சூழ்ந்து உச்சியைத் தொடாமலே திரும்பினார், அந்த ஊற்றுக்கு அவர் பெயர்தான். கட்டாடின் இல்லாத பாதைகளுக்கு அந்த மாதிரி முன்பதிவு கிடையாது, வாசலில் ரேஞ்சரிடம் கேட்டு நார்த் பிரதரோ, டெய்சி பாண்டோ போகலாம். பூங்காவில் இடமே இல்லையென்றால் கிழக்கு எல்லையை ஒட்டி கட்டாடின் உட்ஸ் அண்ட் வாட்டர்ஸ் தேசிய நினைவுச் சின்னம் இருக்கிறது, 2016இல் அறிவிக்கப்பட்டது, சுமார் 87,500 ஏக்கர். நுழைவுக் கட்டணம் இல்லை. கூட்டமும் குறைவு. அங்கே மண் சாலையில் காரிலேயே ஒரு சுற்று போய்வரலாம், வழியில் கட்டாடினின் கிழக்கு முகம் திறந்து தெரியும் ஒரு மேடு வரும். பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள், உபரி டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், காலையிலேயே போய்விடுங்கள், வெயில் மலையின் அந்தப் பக்கம் விழுவது காலையில்தான்.